கற்பூரம் அணையும் வரை

என் தம்பி ஐயப்பனுக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. சோறு தின்னும்போதுகூட ஒரு வாய் வாசலில், ஒரு வாய் கொல்லையில். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னால், ஏறி நின்று ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, போகிற பஸ்ஸின் பெயரைச் சத்தமாகச் சொல்வான். புதுச்சேரிக்கும் மெட்ராசுக்கும் ஈ.சி.ஆரில் ஓடுகிற பஸ் எல்லாவற்றையும் ஹாரனை வைத்தே சொல்லிவிடுவான். எங்கே ஹாரன் கேட்டாலும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். அதைத் தடுக்க அவனாலும் முடியாது, அவனைப் பெற்றவளாலும் முடியாது.

"ஒரு நாழி உக்கார்றியாடா" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டாள். பையன் ஒரு இடத்தில் உட்காரட்டும், அது போதும் என்பதுதான் எல்லாச் சாமியிடமும் அவள் கேட்டது. எந்தச் சாமியும் காது கொடுக்கவில்லை.

அப்பா உப்பு லாரியோடு ஆந்திராவுக்குப் போய் ஒரு விபத்தில் போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மா தெய்வநாயகி, மரக்காணத்தில் சக்கரபாணியின் உப்பளத்தில் கூடையில் உப்பு சுமக்கிறவள். அக்காக்காரி நான் பிளஸ் டூவோடு நின்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேர் கண்ணும் படாத நேரம் பகலில் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் இவன் என்ன செய்வான் என்ற பயத்தில் அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"நீ என்ன பண்ணாலும் என்னாண்ட வந்து நீயே சொல்லிடு. அடிக்க மாட்டேன். வேற யாராவது வந்து சொன்னா தோலை உரிச்சிடுவேன்."

இந்த ஒன்று மட்டும் அவனுக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஒரு கோடையில் சக்கரபாணி அவனை மடை பார்க்க வைத்தார். பாத்திக்குத் தண்ணீர் போதுமானதும் மடையை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவன் வானத்தில் போன நாரைக் கூட்டத்தின் பின்னால் ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது முற்றி நின்ற உப்பு முழுக்கக் கரைந்துகொண்டிருந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் அப்படியே கம்பி நீட்டியிருக்கும். இவன் வரப்பு வரப்பாக ஓடி, கூடையோடு நின்ற அம்மாவின் முன்னால் மூச்சு வாங்க நின்றான்.

"ம்மா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சக்கரபாணியிடம் ஏச்சு வாங்கினாள். சொன்னபடி அடிக்கவில்லை. சைக்கிள் கண்ணாடி உடைத்தது, வாத்தியார் செருப்பைக் கிணற்றில் போட்டது, பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்திக் கொன்றது எல்லாம் இப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தன. ஊரில் இன்னொருவர் வாயால் அவனைப் பற்றி நாங்கள் எதையும் முதலில் கேட்டதில்லை.

சுனாமி எங்கள் தெருவுக்குள் வரவில்லை, உப்பளத்துக்குள் வந்தது. வரப்பெல்லாம் கரைந்து பாத்தியெல்லாம் சேறாகிவிட்டது. மரக்காணத்தில் போட்டிருந்த முகாமுக்கு, தூக்கத்தில் அலறும் பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் ஃபாயிசா என்று ஒரு அம்மா வந்திருந்தார். ஐயப்பன் அலறவில்லை, நன்றாகத்தான் தூங்கினான். காசு வாங்காத டாக்டர் என்பதால் அம்மா கூட்டிப்போனாள். டாக்டரம்மா அவனிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் அவன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நாற்காலியின் நெஞ்சில் வைத்துப் பார்த்தான், மின்விசிறியை மூன்று தரம் போட்டு அணைத்தான்.

"இவன் வேணும்னு பண்றதில்லைம்மா. மூளை அப்படி. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்வாங்க" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை இருக்குது, புதுச்சேரிக்கு வரணும். ஆனா அதவிட முக்கியமான ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த மாதிரி பசங்க இந்த வயசுலதான் சுலபமா திருட்டு, அடிதடின்னு போயிடுவாங்க. போகாம தப்பிக்கிறவங்களும் நிறைய பேரு இருக்காங்க. அவங்களுக்கு வீட்ல ஒரு ஆள் இருக்கும். என்ன பண்ணாலும் போய் சொல்லலாம், சொன்னா நம்புவாங்கன்னு ஒரு ஆள். உங்க பையனுக்கு அது நீங்கதான். அத மட்டும் உடைச்சிடாதீங்க."

அம்மாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. படிக்காதவள் போட்ட சட்டத்துக்குப் படித்தவர் மார்க் போட்டுவிட்டார் அல்லவா? வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மாத்திரைக்குப் புதுச்சேரி போனால் ஒரு நாள் வேலை கெடும் என்று அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

உப்பளத்தைச் சீர் செய்து அந்தச் சித்திரையில் மறுபடி தண்ணீர் பாய்ச்சினார்கள். அப்போதுதான் சக்கரபாணியின் ஃபுட் வால்வு களவு போனது. ஆயில் இன்ஜின் குழாயின் அடியில், வாய்க்கால் தண்ணீருக்குள் மாட்டியிருக்கும் பித்தளைச் சாமான் அது. அது இல்லாமல் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் ஒரு சொட்டு ஏறாது. வெயில் கொளுத்துகிற நாளில் பாத்திகள் காய்ந்து கிடந்தன. சக்கரபாணி ஊர்த் தலைவர் வெங்கடாசலத்தின் வீட்டுக்குப் போனார்.

களவு போனால் எங்கள் ஊரில் போலீசுக்குப் போவதில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடும். சந்தேகப்படுகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். ஏற்றியதும் அது தானாக அணையும் வரை கை ஆடக்கூடாது, தலை திரும்பக்கூடாது, கற்பூரம் கீழே விழக்கூடாது. எரித்து முடித்தவன் நல்லவன். விழுந்தால் அம்மனே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். இதில் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. அசையாமல் நிற்கிறவன் யோக்கியன் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவன் வீட்டில் என் தம்பி மாதிரி ஒரு பிள்ளை பிறந்திருக்காது.

அந்தப் பக்கம் போனவர்கள் என்று ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். நான்கு பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒருவன் சக்கரபாணியின் மச்சான் பச்சமுத்து, இன்ஜின் ஓட்டுகிறவன். ஐந்தாவது ஐயப்பன். எங்களுக்குப் பயமே இல்லை. அவன் எடுக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எடுத்திருந்தால் அன்றைக்கே வந்து நின்றிருப்பான்.

பச்சமுத்து முதலில் நின்றான். தூணில் செதுக்கிய சிலை மாதிரி கையை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கற்பூரம் அணைகிற வரை அசையவில்லை. சனங்கள் உச்சுக்கொட்டிப் பாராட்டினார்கள். மற்ற மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எரித்து முடித்தார்கள்.

ஐயப்பன் கையை நீட்டினான். சூட்டுக்கு அவன் பயப்படுகிறவன் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பாதி எரிந்திருக்கும். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இதுவரை கேட்காத பாட்டு ஹாரன். அவன் தலை திரும்பியது.

"க்கா, புது வண்டி" என்றான் என்னைப் பார்த்து.

கற்பூரம் மண்ணில் விழுந்து அணைந்தது.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஐயப்பன் குனிந்து கற்பூரத்தை எடுத்து மறுபடி வெற்றிலையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தபா ஏத்துங்க, பிடிக்கிறேன்" என்று தலைவரிடம் கேட்டான். அவனுக்கு அது விளையாட்டில் அவுட் ஆன மாதிரி. நான் பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் போய், "அவனுக்கு நிக்கத்தாங்க வராது, திருட வராதுங்க" என்றேன். பொம்பளை பேசக்கூடாது என்று யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

வெங்கடாசலம் தீர்ப்பைச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை, குரலில் கருணைகூட இருந்தது. "சின்னப் பையன். ஒத்துக்கிட்டு ஊர் கால்ல விழுந்துட்டா இத்தோட விட்டுடலாம். இல்லன்னா தெய்வநாயகி இனிமே அளத்துல கால் வைக்க வேணாம். வேற யாரும் அவளுக்கு வேலை குடுக்கவும் வேணாம்."

அம்மா அவனைக் கோயிலின் பின்பக்கம் இழுத்துப்போனாள். நானும் போனேன்.

"ம்மா, நான் எடுத்திருந்தா உன்னாண்ட சொல்லியிருக்க மாட்டனா?" என்றான்.

"தெரியும்டா."

"அப்புறம் இன்னாம்மா?"

"நான்தான்னு சொல்லிட்டு விழுந்து எழுந்துரு. அவ்ளோதான். ஒரு நிமிஷ வேலை."

"நான் பண்ணலியே."

"பண்ணலடா. எனக்குத் தெரியும், உங்கக்காவுக்குத் தெரியும், போதும்ல? ஊருக்காக சொல்லு."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, மறந்துட்டியா?" என்று நான் கேட்டேன்.

"டாக்டரம்மா வந்து நம்ம வூட்ல உலை வெப்பாங்களாடி?" என்றாள் அம்மா. அழுதுகொண்டேதான் கேட்டாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

ஐயப்பன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரியவே இல்லை. செய்ததைச் சொன்னால் அடி இல்லை என்று கற்றுக்கொடுத்தவளே செய்யாததைச் சொல்லச் சொல்கிறாள். கடைசியில் அம்மா அழுவதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான். அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது.

கூட்டத்தின் நடுவில் போய், "நான்தான்" என்றான்.

"வால்வு எங்கடா?" என்றார் சக்கரபாணி.

அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடல்ல போட்டுட்டேன்" என்றான்.

அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் பொய் என்று நினைக்கிறேன். எவ்வளவு சுலபமாக அது செல்லுபடியானது என்பதை அவனும் பார்த்திருப்பான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நெற்றியில் மண்ணோடு எழுந்தான். அம்மாவுக்கு மறுநாளே வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனை ஐயப்பன் என்று கூப்பிடவில்லை. வால்வு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பென்சில் காணாமல் போனாலும் இவன் பையைத்தான் முதலில் கொட்டினார்கள். ரோட்டோரம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த மண்ணாங்கட்டி மட்டும் அன்பாகக் கூப்பிட்டான். "ஏம்பா வால்வு, சும்மா சுத்துற நேரத்துல நம்ம கடைப் பக்கம் வாயேன்." அவன் கூப்பிட்டதைக்கூட ஐயப்பன் வீட்டில் வந்து சொன்னான். அம்மா, "போகாத" என்றாள். அதுதான் அவன் கடைசியாக வந்து சொன்னது.

அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. "நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று வாசலில் யாரும் மூச்சு வாங்க வந்து நிற்கவில்லை. பையன் திருந்தி வருகிறான், சேட்டை குறைந்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பூத்தில் போன் அடிக்காத நேரங்களில் அவன் எங்கே இருப்பான் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனி மாதம் உண்மை வெளியே வந்தது. பச்சமுத்துதான் எடுத்து விற்றிருக்கிறான். குடித்துவிட்டு அவனே தன் மாமனாரிடம் உளறி, குடும்பச் சண்டையில் அது தெருவுக்கு வந்தது. நான் அன்றைக்கே வெங்கடாசலம் வீட்டுக்குப் போனேன். ஊரைக் கூட்டி என் தம்பி எடுக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

"அது அவங்க மாமன் மச்சான் விவகாரம்மா, பேசி முடிச்சுக்கிட்டாங்க" என்றார். "உன் தம்பிதான் அன்னைக்கே விழுந்து எழுந்துட்டானே. முடிஞ்சுபோனத எதுக்குக் கிளறிக்கிட்டு?"

சக்கரபாணியைப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், அம்மாவுக்கு வேலை நிற்காமல் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். பச்சமுத்து மறுபடி இன்ஜின் ஓட்ட வந்துவிட்டான். ஊர் கூடவில்லை.

வீட்டுக்கு வந்து ஐயப்பனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் கையில் இருந்த கம்பியை வளைத்து நிமிர்த்தினான்.

"அவரு கை ஆடவே இல்லியேக்கா" என்றான்.

அவன் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்கில் தனக்குப் புரியாமல் இருந்த இடம் புரிந்துவிட்ட மாதிரி சொன்னான்.

ஆடியில் கோயில் மணி காணாமல் போனது. வாசலில் தொங்கிய பித்தளை மணி, பெரிய தேங்காய் அளவு இருக்கும். மறுநாள் காலை ஊர் கூடும் என்று தண்டோரா போட்டார்கள். அன்று சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்ததும் அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். கூரைக்கு வாங்கிவைத்த கீற்றுக்கட்டைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள்.

மணி அங்கே இருந்தது. நாக்கு ஆடிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே ஐயப்பனின் பள்ளிக்கூடச் சட்டையைத் திணித்து, மேலே சாக்கு சுற்றி, கயிறு போட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தது. பை மாட்டினால் ஜிப் போடத் தெரியாதவன் அவன். இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது?

"கேக்காத" என்றாள் அம்மா. "அவனே வந்து சொல்லுவான். எப்பவும் சொல்லுவான்ல."

"இப்ப எங்கம்மா சொல்றான்?"

"சொல்லுவான்டி. சொன்னா நான் கூட்டிட்டுப் போய் குடுத்துட்டு வந்துடுவேன். கேட்டா கெட்டுடும்."

கீற்றை இருந்தபடி வைத்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்டான். வாசலுக்கும் கொல்லைக்கும் போகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தான். காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போதும் அவன் சொல்லட்டும் என்று அம்மா வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றாள். அவன் அவளைத் தாண்டிப் போனான்.

இந்தத் தடவை முதல் ஆளாக அவனைத்தான் கூப்பிட்டார்கள். யார் எடுத்தது என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது, கற்பூரம் சும்மா சடங்குக்கு. வெற்றிலை வைத்து ஏற்றினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விழட்டும், விழுந்துவிடட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நானும் அதையேதான் வேண்டினேன்.

கற்பூரம் நின்று எரிந்தது. அவன் கால் கட்டைவிரல்கூட அசையவில்லை. ரோட்டில் பஸ் வந்தது, அதே பாட்டு ஹாரன். நான், அம்மா, வெங்கடாசலம், ஏன், கூட்டமே அவன் தலையைப் பார்த்தது. தலை திரும்பவில்லை. பச்சமுத்துவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பச்சமுத்து பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். வெற்றிலை கருகிச் சுருண்டு, தீ உள்ளங்கையைத் தொட்டு, தானாக அணைந்தது.

"அம்மன் சாட்சியா இவன் எடுக்கல" என்றார் வெங்கடாசலம். "பாத்தீங்களா? அன்னைக்கு ஊர் கால்ல விழுந்தது வீண்போகல. பையன் எப்படித் திருந்திட்டான்."

நாலைந்து பேர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். சக்கரபாணி அவனை ஐயப்பா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மடை பார்க்க வரச் சொன்னார். ரோட்டோரம் தன் இரும்புக் கடை வாசலில் நின்று பார்த்த மண்ணாங்கட்டி சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவனைப் பாயில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினாள். உள்ளங்கையின் நடுவில் தோல் வெந்து கொப்புளம் எழும்பியிருந்தது. நான் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றேன். எனக்குப் பின்னால் கீற்றுக்கட்டு இருந்தது. அவனுக்கும் அது நேர் எதிரே தெரிந்தது.

"என்னாண்ட எதனா சொல்லணுமாடா?" என்று அம்மா கேட்டாள்.

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். எதிரில் இருப்பவர் கண்ணை ஒரு நொடிக்குமேல் பார்க்கத் தெரியாத பிள்ளை, இமைக்காமல் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

எண்ணெய் தடவிய அம்மாவின் விரல் அப்படியே நின்றது. இன்னொரு தடவை கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தான் கேட்டால் இனி அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லுவான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இந்தப் பிள்ளை ஒரு இடத்தில் உட்காரட்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அன்று பொழுது சாய்கிற வரை ஐயப்பன் அந்தப் பாயில், அவள் பக்கத்தில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.